பின்னாலிருந்து கூப்பிட்டவள்

தோணிமேட்டுக்குப்பம் பள்ளிக்கூடத்தில் பரீட்சை வந்துவிட்டால் வேலை இரண்டாகப் பிரியும். கரும்பலகையில் கேள்வி எழுதிப் போடுவது தலைமையாசிரியர் பரசுராமன் பொறுப்பு. மணல் கூடை கனகாம்பாள் பொறுப்பு. மணல் எதற்கென்றால், பயத்தில் பிள்ளைகள் வாந்தியெடுத்த இடத்தில் போட்டு மூடுவதற்கு. அரைப் பரீட்சைக்கு மூன்று கூடை, முழுப் பரீட்சைக்கு நாலு கூடை வேண்டியிருக்கும் என்பதை அவள் அனுபவத்தில் தெரிந்து வைத்திருந்தாள். கால் பரீட்சைக்கு ஒரு கூடை போதும், பிள்ளைகளுக்கு அப்போது அவ்வளவாகச் சூடு பிடித்திருக்காது.

கனகாம்பாள் அந்தப் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த மணல் திட்டில் அறுபது குடிசை, ஒரு கங்கையம்மன் கோயில், ஓடு வேய்ந்த ஒரு பள்ளிக்கூடம், அவ்வளவுதான் குப்பம். அமெரிக்காக்காரன் அனுப்பிய கோதுமையையும் பால் பவுடரையும் வைத்துக்கொண்டு, மீனைத் தவிர வேறெதையும் சாப்பாடென்று ஒப்புக்கொள்ளாத எழுபது பிள்ளைகளை மத்தியானத்தில் உட்கார வைத்துச் சாப்பிடச் செய்வது லேசுப்பட்ட காரியமில்லை. அதற்கு வாய் வேண்டும். கனகாம்பாளுக்கு அது தாராளமாகவே இருந்தது. அவள் ஒரு அதட்டல் போட்டால் அக்கரையில் மேய்கிற மாடு தலையைத் தூக்கிப் பார்க்கும் என்று பரசுராமன் சொல்வார்.

அப்பேர்ப்பட்ட வாயும் இரண்டு வேளைகளில் மூடிக்கொள்ளும். ஒன்று, ஆண்கள் கட்டுமரம் தள்ளிக்கொண்டு தொழிலுக்குப் போகும் வேளை. இன்னொன்று, பரீட்சை நாள் காலை.

தொழிலுக்குப் போகிறவனை யாரும் ‘எங்கே போகிறாய்’ என்று கேட்கக் கூடாது. பின்னாலிருந்து கூப்பிடவே கூடாது. அவன் சந்தில் நடந்து வரும்போது பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு வேலை பார்ப்பதுபோல இருக்க வேண்டும். கூப்பிட்டால் கடல் பிடித்துக்கொள்ளும் என்பது அந்தக் குப்பத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். இது மீன்பிடிக்கிற ஊரில் இருக்கக்கூடியதுதான். ஆனால் இதைப் பரீட்சைக்கும் கொண்டுபோய் ஒட்டவைத்த புத்திசாலித்தனம் உலகத்தில் தோணிமேட்டுக்குப்பத்துக்கு மட்டுமே உண்டு. வலை பின்னும் அப்பாவுவின் மூத்த மகன்தான் குப்பத்திலிருந்து முதன்முதலாக ஐந்தாம் வகுப்பு தேறிப் பொன்னேரிக்குப் படிக்கப் போனவன். அவனுடைய அம்மா பரீட்சையன்று காலை அவனைத் தொழிலுக்கு அனுப்புவதுபோல, ஒரு வார்த்தை பேசாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு அனுப்பினாளாம். குப்பமே அதைப் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து பரீட்சை நாளென்றால் சந்து முழுக்க மயான அமைதி. ஆறு வயசுப் பொடிசுகள் சிலேட்டைக் கட்டிக்கொண்டு, அத்தை முகம் திருப்ப, சித்தி முகம் திருப்ப, பெற்ற தாயே முகம் திருப்ப, தனித்தனியாக நடந்து பள்ளிக்கூடம் வந்து சேரும். வந்து வாந்தியெடுக்கும். கனகாம்பாள் மணல் அள்ளிப் போடுவாள்.

இந்த வழக்கத்தை மீற அவளுக்கு மட்டும் தைரியம் வந்திருக்கவே முடியாது. ஏனென்றால் அவள் ஒரு தடவை மீறியவள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் அருணகிரி, அண்ணன் ராஜவேலுவோடு தொழிலுக்குப் புறப்பட்டபோது கஞ்சிச் சட்டியை மறந்து வைத்துவிட்டுப் போனான். வாய் சும்மா இருக்காத கனகாம்பாள், “யோவ், சட்டிய வுட்டுட்டுப் போறியே!” என்று பின்னாலிருந்து கூவினாள். அவன் திரும்பி வந்து சிரித்துக்கொண்டே சட்டியை வாங்கிப் போனான். முகத்துவாரத்தைத் தாண்டியதும் அலையில் கட்டுமரம் புரண்டது. ராஜவேலு கரை சேர்ந்தான். அருணகிரி வரவில்லை.

அவளை நேருக்கு நேர் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ‘நான்தான் கூப்பிட்டுக் கொன்றேன்’ என்று அவளே நம்பினாள். சமைக்கும்போதும் தூங்கும்போதும் நம்பினாள்.

அருணகிரி விட்டுப்போனது ஒரே மகள், கெங்கம்மாள். அம்மாவின் வாயும் அப்பாவின் சிரிப்பும் உள்ள பெண். வாய்ப்பாடு பதினாறு வரை அடுப்பூதிக்கொண்டே ஒப்பிப்பாள். தமிழ்ப் பாடத்தைப் புத்தகம் பார்க்காமல் கடைசிப் பக்கத்திலிருந்து சொல்லச் சொன்னாலும் சொல்வாள். அப்படிப்பட்டவள் மூன்றாம் வகுப்பு முழுப் பரீட்சையில் பேரை மட்டும் எழுதிவிட்டு வெள்ளைத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள். ஃபெயில்.

கனகாம்பாளுக்குத் தோன்றியது என்ன? பேசாமலிருக்கும் பத்தியம் போதவில்லை என்று தோன்றியது. மறு வருஷக் கால் பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலமே மகளோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். சோற்றைப் போட்டாள், தலை வாரினாள், வாயைத் திறக்கவில்லை. கெங்கம்மாள் இந்தத் தடவை பேரைக்கூட எழுதாமல் வந்தாள்.

ராஜவேலு வந்து உட்கார்ந்து நிதானமாகச் சொன்னான். கெட்ட மனுஷன் இல்லை, தம்பி குடும்பத்துக்கு மீனும் அரிசியும் குறை வைக்காதவன். “இத பாரு கனகா, படிப்பு ஏறலன்னா வுட்டுடணும். அடுத்த முழுப் பரிச்சையிலயும் கோட்டை வுட்டான்னா எறா உரிக்கிற கொட்டாய்க்கு அனுப்பிடு. கூடப் படிக்கிறதுங்க எல்லாம் நாலாவது போவும், இவ மட்டும் மூணாவதுலயே குந்திக்கினு இருந்தா பேஜாருதான?”

கனகாம்பாள் அந்தக் கொட்டகையில் கல்யாணத்துக்கு முன் நாலு வருஷம் உட்கார்ந்தவள். இறால் முள் குத்தி விரல்கள் வெந்து வெளுத்துப்போய், சோற்றில் உப்புப் பட்டாலே எரியும். மகளின் விரல்களைப் பார்த்தாள். “சரி மாமா” என்று மட்டும் சொன்னாள்.

மார்கழியில் அரைப் பரீட்சை வந்தது. முதல் நாள் தமிழ், கெங்கம்மாள் வெள்ளைத் தாள். இரண்டாம் நாள் கணக்கு. அன்றைக்கு ஏரியில் பனி இறங்கி, பரசுராமன் வரவேண்டிய படகு அக்கரையிலேயே நின்றுவிட்டது. சாவி அவரிடம். பிள்ளைகள் குளிரில் நடுங்கிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சமையல் கொட்டகைக்குள் நுழைந்து அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தன. ஒன்றும் பேசவில்லை. கனகாம்பாளும் பேசவில்லை, பரீட்சை நாள் இல்லையா? இடம் இல்லாமல் எழுபது பிள்ளைகளையும் தாண்டித் தாண்டிப் போனதில் பருப்புப் பானையைக் கவனிக்கவில்லை. பானை பொங்கி அடுப்பை அணைத்தது. அவ்வளவுதான், வாய் தன் வேலையைக் காட்டிவிட்டது.

“எழவெடுத்த பானை! பொங்கறதுக்கு வேற நாளு கெடைக்கலியா ஒனக்கு? ஒங்கப்பன் ஊட்டுப் பருப்பா இது?”

பானைக்கு அப்பன் வீடு உண்டா என்று ஒரு பொடிசு கேட்டது. இன்னொன்று சிரித்தது. கனகாம்பாள் அதை அதட்ட, மூன்று பேர் சிரித்தார்கள். பிறகு ஆளாளுக்குச் சுள்ளி பொறுக்கிக்கொண்டு வந்தார்கள், ஊதினார்கள், புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒருத்தரையொருத்தர் குறை சொன்னார்கள். பரசுராமன் பத்தரை மணிக்கு வந்து மணி அடித்தபோது கொட்டகை மீன் மார்க்கெட்டாகியிருந்தது.

அன்றைக்கு ஒரு பிள்ளைகூட வாந்தியெடுக்கவில்லை. மத்தியானம் பரசுராமன் கூடையை எட்டிப் பார்த்தார். “என்னம்மா, மணல் அப்படியே இருக்கு? இன்னிக்கு என்ன செஞ்சே?”

“ஒண்ணும் செய்யல சார். கத்தினேன்.”

கெங்கம்மாள் அன்று கணக்கில் ஐம்பதுக்கு நாற்பத்திரண்டு. மூன்றாம் நாள் பனி இல்லை, படகு நேரத்துக்கு வந்தது, சந்து வழக்கம்போல அடங்கிக் கிடந்தது. சமூகப் பாடத்தில் மறுபடியும் வெள்ளைத் தாள்.

இதைப் போட்டுக் குடைந்துகொண்டே இருந்தாள் கனகாம்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது மகளிடம் கேட்டுவிட்டாள். “எல்லாம் தெரிஞ்சிக்கினு ஏண்டி எழுத மாட்டேன்ற? என் கிட்ட சொல்லு, அடிக்க மாட்டேன்.”

கெங்கம்மாள் முறத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “பரிச்சை அன்னிக்கு யாரும் எங்கூட பேச மாட்டேன்றீங்க. கன்னியம்மா அத்த மூஞ்சத் திருப்பிக்கிறாங்க. நீயும் பேசல.”

“அது நல்லதுக்குடி.”

“நைனா போன அன்னிக்கும் எல்லாரும் அப்டித்தான மூஞ்சத் திருப்பிக்கினாங்க? அவரு வரவே இல்லியே. எனக்கும் அப்டி ஆயிடும்னு தோணும். தாளப் பாத்தா எழுத்தே தெரியாது. எப்போ ஊட்டுக்குப் போவேன்னு மட்டும் இருக்கும்.”

கனகாம்பாள் கல் பொறுக்குவதை விட்டாள். நல்லது செய்கிறோம், நல்லது செய்கிறோம் என்று ஒரு குப்பமே சேர்ந்து இந்தப் பொடிசுகளைக் கரையில் நிறுத்திக் கடலுக்கு வழியனுப்பிக்கொண்டிருக்கிறோமே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

உறைத்தது சரி, யாரிடம் போய்ச் சொல்வது? பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவிடம்தான் முதலில் சொல்லிப் பார்த்தாள். பரீட்சை நாளில் பிள்ளைகளோடு எப்போதும்போல நாலு வார்த்தை பேசினால் என்ன என்று கேட்டாள். கன்னியம்மா மீன் அரிந்துகொண்டிருந்த கையை நிறுத்தவில்லை. “ஏற்கெனவே ஒருத்தரக் கூப்ட்டவ நீ. எங்க புள்ளைங்கள வுட்டுடு.”

கனகாம்பாள் எழுந்து வந்துவிட்டாள். ஐந்து வருஷமாக யாரும் சொல்லாத சொல் அது. மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அறுபத்தெட்டாம் வருஷம் ஏப்ரல் மாதம் முழுப் பரீட்சை தொடங்கியது. முதல் நாள் தமிழ். எப்போதும் விடிந்ததும் அடுப்பு மூட்டப் போய்விடுகிறவள், அன்றைக்கு மட்டும் தாமதமாக வருவதாகப் பரசுராமனிடம் சொல்லி வைத்திருந்தாள். “அடுப்புத்தானே, நான் பற்ற வைக்கிறேன் போம்மா” என்று அவர் வீரமாகச் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடம் பூராவும் புகை சூழ்ந்தது தனிக் கதை.

மகளுக்குத் தலை வாரிவிட்டு அனுப்பினாள். அப்போதும் பேசவில்லை. பேச வேண்டும் என்றுதான் ராத்திரி முழுவதும் நினைத்திருந்தாள், விடிந்ததும் பயம் வந்து வாயைக் கட்டிவிட்டது. மறுபடியும் கூப்பிட்டு, மறுபடியும் ஏதாவது ஆகிவிட்டால்? இருப்பது இந்த ஒன்றுதானே. கதவோரம் நின்று பார்த்தாள். தன் மகள் பரீட்சைக்கு நடந்து போவதை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கெங்கம்மாள் பென்சிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனாள். கன்னியம்மா முறத்தோடு திரும்பிக்கொண்டாள். வலை பின்னிக்கொண்டிருந்த அப்பாவு தலையைக் குனிந்துகொண்டார். சந்தின் கோடியில் துடுப்போடு வந்த ராஜவேலுவும் ஒதுங்கி நின்று முகத்தைத் திருப்பினான். பிள்ளையின் தோள் இரண்டும் காது வரை ஏறியிருந்தது.

இதற்கு மேல் பார்க்க அவளால் ஆகவில்லை. வாயைத் திறந்தாள், முதல் தடவை காற்றுத்தான் வந்தது. இரண்டாம் தடவை வந்துவிட்டது.

“அடியே கெங்கம்மா! எங்கடி போற?”

பின்னாலிருந்து கூப்பிட்டது ஒன்று, எங்கே போகிறாய் என்று கேட்டது இன்னொன்று. இரண்டு குற்றத்தையும் ஒரே மூச்சில் செய்தாள். கன்னியம்மாவின் முறம் கீழே விழுந்தது. “அடிப்பாவி, இன்னா காரியம் பண்ண கனகா!” என்று ராஜவேலு அலறினான்.

கெங்கம்மாள் திரும்பினாள். ஒரு நொடி மலைத்து நின்றாள். பிறகு முகம் மலர்ந்து, அம்மாவுக்குச் சளைக்காத குரலில் சந்து அதிரக் கத்தினாள். “பரிச்சைக்குத்தாம்மா போறேன்!”

“கஞ்சி குடிச்சியா?”

“நீதான ஊத்துன!”

“நில்லு அங்கியே, நானும் வரேன்.”

இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு போனார்கள். கனகாம்பாள் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினாள். மடவை மீன் குழம்பைப் பற்றிப் பேசினாள், பரசுராமன் சார் அடுப்பூதி மீசையைக் கருக்கிக்கொண்டிருப்பார் என்று பேசினாள். பாதி வழியில் கெங்கம்மாள் கேட்டாள்.

“யம்மா, நைனாவையும் நீ இப்டித்தான கூப்ட்ட?”

கனகாம்பாளுக்கு நடை நின்றுவிட்டது.

“எனக்கு ஞாபகம் கீது. நான் வாசல்ல நின்னுக்கினு இருந்தேன். நைனா திரும்பி வந்து என்னியப் பாத்து சிரிச்சாரு. அவரு மூஞ்சின்னா எனக்கு அதான் தெரியும். நீ கூப்டலன்னா முதுகுதான தெரிஞ்சிருக்கும்?” சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு மணி அடிக்கிறது என்று ஓடிப்போனாள். கனகாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அன்றைக்கு அவள் கிண்டிய உப்புமா வாயில் வைக்க வழங்கவில்லை. உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. வகுப்பறையில் பெஞ்சு நகர்ந்தால் ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். பரீட்சையெல்லாம் அவளுக்கு மறந்தே போயிற்று. பிள்ளை உயிரோடு வெளியே வந்தால் போதும். தொழிலுக்குப் போகாமல் ராஜவேலு வந்து பள்ளிக்கூட வாசல் பூவரச மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். திட்ட வந்திருக்கிறான் என்று நினைத்தாள், அவன் அவளைப் பார்க்கவும் இல்லை.

மத்தியான மணி அடித்ததும் முதல் ஆளாகக் கெங்கம்மாள்தான் வந்தாள். கன்னத்தில் பென்சில் கரி. “யம்மா! எழுதிக்கினே இருந்தேனா, தாளு ரொம்பிடுச்சி. சார் இன்னொரு தாளு குடுத்தாரு!”

கனகாம்பாள் கரண்டியைப் போட்டுவிட்டு அவளைத் தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்தாள். கை இருக்கிறது, கால் இருக்கிறது, வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது. அப்பாடா என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஐந்து வருஷத்தில் அப்படி ஒரு மூச்சு அவள் விட்டதில்லை. மரத்தடியில் ராஜவேலு துடுப்பை எடுத்துக்கொண்டு மெதுவாக எழுந்து போனான்.

மறுநாள் காலை கன்னியம்மா தன் மகனை அனுப்பும்போது இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ரகசியம் பேசுவதுபோல, “டேய், மூக்கத் தொடைடா” என்றாள். பையன் சிரித்துக்கொண்டு போனான். மூன்றாம் நாள் சந்தில் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. எங்கடா போற, எங்கடி போற என்று ஆளாளுக்குக் கூவியதில் மணிச் சத்தம் கேட்காமல் பரசுராமன் மூன்று தடவை அடிக்க வேண்டியிருந்தது. அந்த முழுப் பரீட்சைக்கு ஒரு கூடை மணலோடு சரி.

மே மாதம் லீவில் ஒரு நாள் கனகாம்பாள் வாசலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போயிருந்த ராஜவேலு வந்தான். “வாத்தியாரப் பாத்தேன். பொண்ணு பாஸ். கிளாஸ்லயே ரெண்டாவதாம். இன்னாத்துக்கு எறாக் கொட்டாயி, படிக்கட்டும்.”

கனகாம்பாள் கங்கையம்மன் கோயில் இருந்த பக்கம் கையெடுத்துக் கும்பிட்டாள். சேதி சொல்லியாயிற்று, ஆனால் ராஜவேலு போகவில்லை. கருவாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“கனகா, ஒண்ணு சொல்லணும். தம்பி போன அன்னிக்கி காலையிலயே வடக்க கறுத்துக்கினு இருந்துச்சி. மொகத்துவாரத்துக்கிட்ட வந்ததும் அருணகிரி, வேணாண்ணே, திரும்பிடலாம்னான். நாந்தான் கேக்கல. ஒரே ஒரு வாட்டி வலை போட்டுட்டு வந்துடலாம்னு இழுத்துக்கினு போனேன்.”

கனகாம்பாள் நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் கரைக்கு வந்தப்போ, நீ கூப்ட்டதாலதான்னு எல்லாரும் பேசிக்கினாங்க. நான் வாயத் தொறக்கல. அப்பால தொறக்க முடியல. நீ பொண்ணக் கூப்ட்ட அன்னிக்கி மரத்தடியில குந்திக்கினு சாமிய வேண்டிக்கினு இருந்தேன், இதுக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு. ஒண்ணும் ஆவல. இனிமே நான் எதுக்குப் பின்னால ஒளியறது, சொல்லு?”

கையில் இருந்த கருவாட்டை அவள் அவன்மேல் வீசினாள். அடுத்ததையும் வீசினாள். “அஞ்சு வருசம் மாமா! அஞ்சு வருசம்!” என்று கத்தினாள். அவன் விலகாமல் வாங்கிக்கொண்டான். வீச மேலே ஒன்றும் இல்லாமல் போனதும் அப்படியே உட்கார்ந்து அழுதாள். துக்கத்தில் தொடங்கிய அழுகைதான், ஆனால் அழ அழ நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது ஏதோ இறங்கிப் போவது அவளுக்கே தெரிந்தது. நான் கொல்லவில்லை, நான் கஞ்சி கொடுக்கத்தான் கூப்பிட்டேன்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து கெங்கம்மாள் ஓடிவந்தாள். சிதறிக் கிடந்த கருவாட்டையும் பெரியப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏம்மா அழுவுற? பாஸுன்னுதான சொன்னாரு?”

“ஆமாண்டி, பாஸுதான்” என்று சொல்லி, கருவாட்டுக் கையோடு மகளை இழுத்துக் கட்டிக்கொண்டாள் கனகாம்பாள்.